வாக்குச் சீட்டும் வாக்குறுதிச் சீட்டும்



தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் ரொம்சோஸ் அடுக்குமாடிகளிலும் தேர்தல் வந்துவிடும். வேலை முடிந்து வந்து சாப்பாட்டுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால், சென்னையிலும் மதுரையிலும் நடக்கும் பிரசாரக் கூட்டங்கள் எங்கள் வரவேற்பறைக்குள் நடக்கின்றன. அங்கே எங்களுக்கு வாக்கில்லை. ஆனாலும் அந்த மேடைகளில் எங்கள் பெயர் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஈழம், கச்சதீவு, அகதி முகாம், இரட்டைக் குடியுரிமை என்று பேச்சாளர் குரலை உயர்த்தும்போது, இங்கே இருக்கிற எங்கள் நெஞ்சும் கொஞ்சம் உயரத்தான் செய்கிறது. பிறகு ஒன்றும் நடக்காதபோது, "அரசியல்வாதிகள் எல்லோரும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம்.

இந்த இரண்டுமே சரியில்லை என்பதுதான் இம்மாதப் பேச்சின் பொருள். எல்லா வாக்குறுதியையும் நம்புவதும், எல்லா வாக்குறுதியையும் தள்ளுவதும் கணக்குப் பார்க்காமல் கையெழுத்து வைப்பது போன்றவை. எந்தக் கட்சி நல்லது, எது கெட்டது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தேர்தல் வாக்குறுதியை எப்படி வாசிப்பது என்பதை மட்டும், எனக்குத் தெரிந்த கணக்கியல் வழியில் விளக்கப் பார்க்கிறேன்.

வர்த்தகம் படித்தவர்களுக்கு "வாக்குறுதிச் சீட்டு" நினைவிருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு இவ்வளவு பணம் தருவேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது செல்லுபடியாக வேண்டுமானால் தருவேன் என்ற சொல் நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும், தொகை தெளிவாக இருக்க வேண்டும், எப்போது என்று தெரிய வேண்டும், கொடுக்கப் பொறுப்பானவரின் கையெழுத்து இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வங்கி முகாமையாளர் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

தேர்தல் வாக்குறுதிக்கு இப்படி ஒரு முகாமையாளர் இல்லை. தமிழ்நாட்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்து எஸ். சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 5 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இவற்றைச் சொல்வது சட்டப்படி தேர்தல் ஊழல் ஆகாது என்றது. அதோடு, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. 2014இல் ஆணையம் நடத்தை விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்குப் பணம் வரும் வழியையும் கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் வாக்குறுதி நிறைவேறாவிட்டால் வாக்காளர் நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. ஆகவே சீட்டைப் பரிசோதிக்கும் வேலை எங்களுடையது. அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதற் கேள்வி: வினைச்சொல் என்ன?

தேர்தல் மேடைத் தமிழில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். "தருவோம்", "நீக்குவோம்", "குறைப்போம்" என்பன ஒரு வகை. "வலியுறுத்துவோம்", "குரல் கொடுப்போம்", "ஆவன செய்வோம்", "மத்திய அரசை நிர்ப்பந்திப்போம்" என்பன இன்னொரு வகை. முதல் வகையில் சொன்னவர் தாமே செய்ய வேண்டும். இரண்டாம் வகையில் ஒரு கடிதம் எழுதினாலே வாக்குறுதி நிறைவேறிவிடுகிறது. அச்சிட்ட அறிக்கையில் "வலியுறுத்துவோம்" என்று இருப்பது, மைக்குக்கு முன்னால் வரும்போது "பெற்றே தீருவோம்" என்று மாறிவிடும். மேடையில் கேட்டதை அறிக்கையோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை தெரியும்.

இதில் பழையவர்கள் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கிறார்கள். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னது. ஆனால் மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா இரண்டையும் பிரித்து வைத்தார். ஆட்சிக்கு வந்ததும் 1967 மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கியது. செலவு தாங்காமல் அதை மாநிலம் முழுவதற்கும் விரிக்க முடியவில்லை. "நிச்சயம்" என்று சொன்னதே இரண்டு நகரங்களோடு நின்றுவிட்டது. ஆயினும் எது ஆசை, எது பொறுப்பு என்று வாக்காளருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

எங்கள் ஊரிலும் அரிசிக் கதை உண்டு. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி, சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்துத் தருவோம் என்றது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த இரண்டாவது கொத்து விலைக்குத்தான் வந்தது. 1973, 1974இல் பங்கீடு குறைந்து, பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதும் அவர்களுக்கு மறந்திராது.

இரண்டாம் கேள்வி: எந்தக் கணக்கிலிருந்து?

2006 தேர்தலில் தி.மு.க. இரண்டு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி, கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடி, இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று அறிவித்து வென்றது. கருணாநிதி பதவியேற்ற மேடையிலேயே அரிசிக்கும் கடன் தள்ளுபடிக்கும் கையெழுத்திட்டார். 2008இல் அரிசி ஒரு ரூபாய் ஆனது. 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவருக்கு மடிக்கணினி என்று சொல்லி வென்றது. அந்த ஆண்டு ஜூன் முதல் அரிசியும் முற்றாக இலவசமானது. இரு தரப்பும் இவற்றைப் பெருமளவில் கொடுத்தன. சீட்டு திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு மாநில அரசிடம் சொந்தமாக வரி போட இருக்கும் இடங்கள் குறைவு. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு, பெரும்பாலான பொருட்களின் வரிவீதத்தை ஒரு மாநிலம் தனியாக மாற்ற முடியாது. மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை மதுபானம், பெற்றோல், டீசல், வாகனம், காணிப் பதிவு. மதுச் சில்லறை விற்பனையை 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து டாஸ்மாக் என்ற அரசு நிறுவனமே நடத்துகிறது. ஆகவே மனைவிக்குக் கிரைண்டர் கொடுத்த அரசு, கணவனிடம் டாஸ்மாக் கடையில் காசு வாங்குகிறது. மேடையில் முதல் பதிவுதான் வாசிக்கப்படும். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பது எங்கள் வேலை.

அது போதாதபோது கடன். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி மாநிலத்தின் கடன் ஏறத்தாழ 5 இலட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய். குடும்பமொன்றுக்கு 2 இலட்சத்து 63 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது.

குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 2021இல் தி.மு.க. சொன்ன பெரிய வாக்குறுதி. மாநிலத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பங்கீட்டு அட்டைகள் உண்டு. எல்லோருக்கும் கொடுத்தால் ஆண்டுக்கு 24,000 கோடி தாண்டும். இளம் நேயர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு கோடி என்பது பத்து மில்லியன். பெருக்கிப் பார்க்க ஒரு கடதாசித் துண்டு போதும். ஆட்சிக்கு வந்தது 2021 மே. திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பர் 15. அப்போது ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் போன்ற நிபந்தனைகள் சேர்ந்தன. ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பெண்கள் பயனாளிகள் ஆனார்கள். அதற்கே ஆண்டுக்கு 12,700 கோடிக்கு மேல் வேண்டும். அதாவது சீட்டு மாற்றப்பட்டது. ஆனால் தாமதமாகவும், பாதிப் பேருக்கும். இதை ஏமாற்று என்று சொல்வோரும் உண்டு, சாதனை என்று சொல்வோரும் உண்டு. கணக்காளனுக்கு இரண்டு சொல்லும் தேவையில்லை. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற மூன்றும் பதிவாகியிருந்தால் போதும்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இலவசம் என்றாலே வீண் என்று நினைப்பது தவறு. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது காசு கரைகிறது என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் படித்தும் போனார்கள். கணக்கில் செலவினம் என்றும் மூலதனம் என்றும் பிரிப்போமே, அந்தப் பிரிவினையை இங்கும் செய்ய வேண்டும். நாளைக்குத் தேய்ந்துபோகும் பொருளா, பத்து வருடம் கழித்துப் பலன் தரும் பொருளா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கையெழுத்திடும் அதிகாரம் யாருடையது?

எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். ஒரு கம்பனியின் காசோலையில் காவலாளி கையெழுத்திட்டால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் வங்கி பணம் தராது. இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் உண்டு. வெளிநாட்டு விவகாரம், போர், குடியுரிமை, அந்நியர் எல்லாம் மத்திய பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டு முதலமைச்சர் யாராக இருந்தாலும் அவற்றில் அவருடைய கையெழுத்துச் செல்லாது.

இதற்கு அண்மைய உதாரணம் நீட் தேர்வு. ஆட்சிக்கு வந்தால் நீட் நீக்கப்படும் என்று 2021இல் தி.மு.க. சொன்னது. கல்வி 1976இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே மத்திய சட்டத்துக்கு மாறான மாநிலச் சட்டத்துக்கு இந்தியக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 2021 செப்டம்பரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பெப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் தெரிவித்தார். அதே அரசு பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் என்பதைப் பதவியேற்ற மறுநாளே நடைமுறைப்படுத்தியது. இரண்டும் ஒரே அறிக்கையில் இருந்தவை. ஒன்றுக்கு அதிகாரம் கையில் இருந்தது, மற்றதற்கு இல்லை.

இனி எங்கள் விடயத்துக்கு வருவோம். 2008 ஒக்டோபர் 14 அன்று சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்தில் போர் நிற்காவிட்டால் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானித்தது. தி.மு.க. அப்போது மத்திய ஆட்சியில் பங்காளி. ஆகவே அது அதிகாரம் உள்ளவர்கள் கொடுத்த வாக்கு. அவர்களின் உறுப்பினர்கள் பிற்திகதியிட்ட பதவி விலகல் கடிதங்களைக் கட்சித் தலைவரிடம் கொடுத்தார்கள். சபாநாயகரிடம் கொடுக்கவில்லை. பிற்திகதிக் காசோலையை வங்கியில் போடாமல் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? ஒக்டோபர் 26 அன்று பிரணாப் முகர்ஜி சென்னை வந்து பேசிய பின்னர் அந்தக் கடிதங்களின் கதை முடிந்தது.

2009 ஏப்ரல் இறுதியில் நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்தது. தனி ஈழமே தீர்வு, அதை அமைத்துத் தருவேன் என்று ஜெயலலிதா மேடைகளில் சொன்னார். ஏப்ரல் 27 அன்று கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் இருந்து, சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று இலங்கை அரசு அன்று அறிவித்திருந்தது. குண்டுகள் நிற்கவில்லை. மே 13 வாக்களிப்பு. மே 16 வாக்கு எண்ணிக்கை. தி.மு.க., காங்கிரஸ் அணிக்கு 27 இடங்கள், அ.தி.மு.க. அணிக்கு 12. 543 பேர் கொண்ட சபையில் அ.தி.மு.க.வுக்கு 9 பேர். மே 18 என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ஒரு கண் தொலைபேசியிலும் ஒரு கண் தமிழ்நாட்டுச் செய்தியிலும் இருந்தன. அங்கே பேசியவர்கள் எல்லோரும் பொய் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவில் நின்று அழுத தமிழ்நாட்டு மக்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் கையெழுத்திட அதிகாரம் இல்லாதவர்களின் சீட்டையும், அதிகாரம் இருந்தும் போடப்படாத சீட்டையும் நாங்கள் கையில் வைத்துக் காத்திருந்தோம் என்பதும் உண்மை.

பிறகும் இதே வழமை தொடர்ந்தது. 2013 மார்ச் 27 அன்று தனி ஈழத்துக்கு ஐ.நா. வாக்கெடுப்புக் கோரி தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. மனதுக்கு ஆறுதல், ஆனால் அது மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது அதில் இலங்கைத் தமிழ் அகதிகள் சேர்க்கப்படவில்லை. மாநிலங்களவையில் அ.தி.மு.க. அதற்கு ஆதரவாக வாக்களித்தது. 2021 தேர்தலில் அதே கட்சி அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றது. அதிகாரம் இருந்த இடத்தில் ஒரு கை, இல்லாத இடத்தில் இன்னொரு குரல்.

இவற்றுக்கு நடுவே, பெரிதாகக் கைதட்டல் வாங்காத ஒரு காரியம் நடந்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்காக 317 கோடியே 40 இலட்சம் ரூபாய்த் திட்டங்கள் சட்டசபையில் அறிவிக்கப்பட்டன. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,000இலிருந்து 1,500 ரூபாயாக்குவது என்பன அதில் அடங்கின. மறுநாள் "அகதி முகாம்" என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆனது. நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். வீடு, உதவிப்பணம், மாணவர் படிப்பு எல்லாம் மாநிலத்தின் கைக்குள் இருப்பவை. தொகை, திகதி, கையெழுத்து மூன்றும் உள்ள சீட்டு. அப்போது முகாம்களில் இருந்த 58,000க்கு மேற்பட்டவர்களில் எங்கள் சொந்தங்களும் இருந்தார்கள். குடியுரிமை என்ற பெரிய கேள்வி டில்லியில் தீராமல் கிடக்கிறது. ஆனால் ஒழுகாத கூரை சென்னையில் தீர்க்கக்கூடியது. எந்தக் கட்சி வந்தாலும் முகாம் மக்கள் சென்னையிடம் கேட்க வேண்டியதையும் டில்லியிடம் கேட்க வேண்டியதையும் பிரித்துக் கேட்டால், "நாங்கள் வலியுறுத்தினோம்" என்ற பதிலுக்குள் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

நான்காம் கேள்வி: விலையைக் கொடுப்பது யார்?

நிறைவேறிய வாக்குறுதி எல்லாம் நல்லதும் அல்ல. 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்றார். அந்த ஆண்டே சட்டம் வந்தது. திறைசேரிக்கு ஒரு சதம்கூடச் செலவில்லாத வாக்குறுதி. விலை முழுவதையும் இன்னொரு இனம் கொடுத்தது. நாங்கள் இந்தக் குளிர் நாட்டில் இருப்பதே அந்தக் கணக்கின் ஒரு வரிதான்.

இன்று கச்சதீவை மீட்போம் என்று கேட்கும்போதும் இதே கேள்வியை வையுங்கள். 1974, 1976 உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்கு இடையிலானவை. பிரதமர் மோடி 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் அதைப் பேசினார். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய் அதைக் கேட்டார். சிறைப்படும் இராமேசுவரம் மீனவனின் துயரம் உண்மை. ஆனால் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனபின் வெறுங்கையோடு கரை திரும்பும் யாழ்ப்பாண, மன்னார் மீனவனும் தமிழன்தான். அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்த மேடைகளில் இவனுடைய பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அங்கே இவனுக்கும் வாக்கில்லை.

ரொம்சோஸில் எங்கள் வாக்கு

இந்த நான்கு கேள்விகளையும் எங்களுக்கு வாக்குள்ள இடத்தில் கேட்டுப் பழகுவது நல்லது. அடுத்த ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தல் 2027 செப்டம்பரில். நோர்வே குடியுரிமை இல்லாதவர்களும் மூன்று வருடம் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இது இன்னும் சில வீடுகளில் தெரியாமல் இருக்கிறது.

இங்கேயும் அதிகாரம் பிரிந்துதான் கிடக்கிறது. பாலர் பாடசாலை, பாடசாலை, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு என்பன மாநகரத்தின் பொறுப்பு. பொலிசும் புகலிட விடயமும் அரசின் பொறுப்பு. மருத்துவமனைகள் 2002 முதல் அரசினுடையவை. உள்ளெவோல் மருத்துவமனையைக் காப்போம் என்று மாநகரசபைத் தேர்தலில் சொல்பவரிடம், "உங்கள் கையில் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். கட்டட நிலத் திட்டத்தில் மாநகரசபைக்குச் சொல் உண்டு. மருத்துவமனையை நடத்துவதில் இல்லை.

நல்ல சீட்டு எப்படியிருக்கும் என்பதற்கும் இங்கே உதாரணம் உண்டு. 2015 தேர்தலுக்கு முன் தொழிற்கட்சி, வீட்டுச் சொத்துவரி போடுவோம், அதைப் பாலர் பாடசாலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செலவிடுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. வென்றபின் 2016இலிருந்து வரி வந்தது. அப்போது வீட்டுப் பெறுமதியில் முதல் நான்கு மில்லியன் குறோனருக்கு வரி இருக்கவில்லை என்பதால் அன்றைய விலையில் ரொம்சோஸ் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின. அந்த வரி சரியா பிழையா என்று வாதிடலாம். ஆனால் பற்றும் வரவும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன.

எங்கள் வானொலிக்கு வேட்பாளர்கள் வரும்போது நேயர்கள் தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவைதான்: நீங்கள் செய்வீர்களா, வலியுறுத்துவீர்களா? பணம் எந்தக் கணக்கிலிருந்து? கையெழுத்து உங்களுடையதா? விலையைக் கொடுப்பது யார்? தமிழில் கேட்கத் தயக்கமில்லாதவர்கள் தமிழில் கேட்கட்டும். பிள்ளைகள் நோர்வேஜியத்தில் கேட்கட்டும். பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நான்கு வருடம் கழித்து அந்தக் கொப்பியோடு வாக்களிக்கப் போகலாம்.